விண்ணப்பத்தில முதலாவதா எதைப் போடுறது: விவசாயமோ நேர்சிங்கோ?

முள்ளியவளைப் பிள்ளை:

எல்லாருக்கும் வணக்கம். நான் முல்லைத்தீவு மாவட்டம், முள்ளியவளை. பயோ படிச்சனான். ஏ.எல் (உயர்தரச்) சோதினை ரெண்டாந்தரம் எடுத்து ரிசல்ற் வந்திட்டுது, மெடிசின் கிடைக்காது. மூண்டாந்தரம் எடு எண்டு தயவுசெய்து ஒருத்தரும் சொல்ல வராதேங்கோ, அதை ரியூசன் சேர் சொல்லிச் சொல்லிக் களைச்சிட்டார். போன வருஷ வெட்டுப்புள்ளியளை (அனுமதி கிடைச்ச ஆகக் குறைஞ்ச புள்ளி) பாத்தால் எங்கட மாவட்டத்துக்கு விவசாயத்துக்கும் நேர்சிங்குக்கும் என்ர இசட் ஸ்கோர் (தரப்படுத்தின புள்ளி) காணும். இப்ப கம்பஸுக்கு ஆக்களை எடுக்கிற யூ.ஜி.சியின்ர (பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு) விண்ணப்பம் நிரப்பவேணும். முதல் வரியில எதைப் போடுறது எண்டதிலதான் வீட்டில ஒவ்வொரு நாளும் இழுபறி.

எனக்கு விவசாயம் விருப்பம். மாமாவுக்குக் குமுளமுனைப் பக்கம், தண்ணிமுறிப்புக் குளத்துக்குக் கீழ மூண்டு ஏக்கர் வயல். 2021இல இரசாயன உரத்தை ஒரேயடியா நிப்பாட்டினாங்களெல்லே, அந்தக் காலபோகம் நான் மாமியோட வயலுக்குப் போய் வந்தனான். இடுப்புக்கு வரவேண்டிய பயிர் முழங்காலோட நிண்டுது, மட்டம் (பக்கத் தண்டு) வெடிக்கேல்லை. சேதனப் பசளை எண்டு குடுத்ததை மாமா போட்டவர், அதுக்குப் பிறகு இன்னும் மஞ்சளாப் போன மாதிரித்தான் எனக்குத் தெரிஞ்சுது. ஏன் எண்டு கேட்டதுக்கு ஒருத்தரிட்டயும் பதில் இல்லை. நான் வீட்டுக்கு வந்து யோகட் கப்புகளில மாமாவின்ர வயல் மண்ணைப் போட்டு நெல்லு முளைக்க வச்சனான். ஒண்டுக்கு உக்கின மாட்டெரு, ஒண்டுக்கு வைக்கலைச் சின்னனா வெட்டிக் கலந்தது, ஒண்டுக்கு ஒண்டுமே இல்லை. வைக்கல் போட்ட கப், ஒண்டும் போடாத கப்பை விட மோசமா மஞ்சளாப் போச்சு. பசளை போட்டது எப்பிடிச் சும்மா விட்டதை விட மோசமாகும் எண்டு எனக்கு இண்டுவரைக்கும் விளங்கேல்லை. அதைப் படிக்கவேணும் எண்டுதான் ஆசை.

அம்மாவுக்கு நேர்சிங்தான். அப்பா 2009இல இல்லாமல் போயிட்டார். அம்மா தைச்சும் ஒரு மாட்டைப் பாத்தும் எங்கள் ரெண்டு பேரையும் வளத்தவ. மாடு வாங்கின குழுக்கடன் இன்னும் கிழமைக்குக் கிழமை கட்டுறா. தம்பி அடுத்த வருஷம் ஓ.எல் (சாதாரணதரச்) சோதினை. ரொறன்ரோவில இருக்கிற பெரியம்மா, "நேர்சிங்கை முடி பிள்ளை, மிச்சத்தை நாங்கள் பாக்கிறம்" எண்டு போனில சொல்லிப்போட்டா. அதுக்குப் பிறகு அம்மா வேற கதை கேக்க மாட்டன் எண்டுறா.

நான் சுயநலமா யோசிக்கிறனோ? விவசாயம் படிச்சவை ஆராவது இருந்தால் உண்மையைச் சொல்லுங்கோ.

வெள்ளை யூனிபோம் (வவுனியா, இப்ப இங்கிலாந்து):

தங்கச்சி, நான் காசுக்காகத்தான் நேர்சிங்குக்குப் போனனான். எனக்கு 19 வயசில உமக்கு என்ன விருப்பம் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை, நானும் என்னைக் கேக்கேல்லை. தாதியர் கல்லூரியில படிக்கேக்கயே கொடுப்பனவு வரும் எண்டு கேள்விப்பட்டன், போயிட்டன்.

முதல் வருஷம் முழுக்க எனக்கு வெறுப்பு. ஒருநாள் வாட்டில ஒரு கிழவருக்குக் கனியூலா (நரம்பில மருந்தேத்திற ஊசிக்குழாய்) ஏத்தவேணும். தோல் கடதாசி மாதிரி, நரம்பு தொட்டால் வழுக்கிக்கொண்டு ஓடும். எனக்கு முன்னம் ரெண்டு பேர் குத்திப் பாத்து விட்டிட்டினம். நான் கையைக் கட்டிலுக்குக் கீழ தொங்கவிடச் சொல்லி, சுடுதண்ணித் துணியைச் சுத்தி வச்சு, கொஞ்ச நேரம் அவரோட மழையைப் பற்றிக் கதைச்சுப்போட்டு ஏத்தினன். ஒரே குத்தில ரத்தம் வந்துது. அண்டைக்குத்தான் எனக்கு இந்த வேலை பிடிக்கத் தொடங்கினது. அதால, பிடிச்சால்தான் படிக்கலாம் எண்டு எழுதப்போற ஆக்களை நான் முழுசா நம்ப மாட்டன். சில வேலையள் கைக்கு வந்த பிறகுதான் மனசுக்கு வரும்.

ஆனா பெரியம்மா சொன்ன "மிச்சம்" இருக்கெல்லே, அது லேசான மிச்சம் இல்லை. இங்க நேர்ஸாப் பதிய எனக்கு ஐ.ஈ.எல்.ரி.எஸ் எண்ட இங்கிலீசுச் சோதினையில எழுத்துக்கு 6.5, மற்ற மூண்டுக்கும் 7 எடுக்கவேண்டி இருந்தது. பிறகு கணினியில ஒரு சோதினை, அதுக்குப் பிறகு இங்க வந்து செய்முறைச் சோதினை. கனடாவில மாகாணத்துக்கு மாகாணம் பதிவு வேற. ரொறன்ரோ இருக்கிற ஒன்ராறியோவில பதிவு பெற்ற நேர்ஸ் ஆகிறதெண்டால் என்.சி.எல்.ஈ.எக்ஸ் எண்ட சோதினை பாஸ் பண்ணவேணும். வெளிநாட்டு எண்ணம் இருந்தால் தாதியர் கல்லூரியை விடக் கம்பஸில நேர்சிங் டிகிரி எடுக்கிறதுதான் நல்லம் எண்டு நான் நினைக்கிறன். யாழ்ப்பாணத்திலயும் இருக்கு, மட்டக்களப்பிலயும் இருக்கு. நாலு வருஷம் படிச்சு, ஊரில வேலை செய்து அனுபவம் எடுத்து, சோதினையள் முடிச்சு விமானம் ஏறேக்க தம்பி ஏ.எல் முடிச்சுக் கனகாலம் ஆகியிருக்கும். அம்மாவுக்கு இதையும் சொல்லும்.

காசு வருமோ எண்டால், வரும். நைற் டியூட்டியில நாரியும் போகும்.

குளத்துக்கட்டு:

பிள்ளை, நான் 40 வருஷமா வயல் செய்யிறன். படிச்சுப்போட்டு எங்களுக்குப் புத்தி சொல்ல வாற ஆக்கள் மோட்டச்சைக்கிளை வரம்படியில நிப்பாட்டிப்போட்டு, செருப்புக் கழட்டாமல் திரும்பிப் போறவை. நீர் மண்ணைக் கப்பில போட்டுப் பாத்திருக்கிறீர். அது பெரிய விசயம், உம்மைப் போல ஆக்கள் வரத்தான் வேணும்.

ஆனா என்ர மகளெண்டால் நேர்சிங்குக்குத்தான் விடுவன். அறக்கொட்டிப் பூச்சிக்கு ஒரு பக்கம் மருந்தடிச்சு, யானைக்கு ஒரு பக்கம் காவலிருந்து வெட்டிக் கொண்டுபோனால், யாவாரி ஈரம் எண்டு சொல்லி மூடைக்கு ரெண்டு கிலோ கழிக்கிறான். என்ர வீட்டில ஆருக்காவது மாசம் முடிய ஒரு சம்பளம் வந்தால் நல்லம் எண்டுதான் நான் நினைப்பன். அம்மாவைக் கோவிக்காதையும்.

அறிவியல்நகர் பழைய ஆள்:

வேலையால வந்து இப்பதான் பாத்தன். நான் கிளிநொச்சியில, யாழ் பல்கலைக்கழக விவசாய பீடத்தில படிச்சனான். இப்ப பள்ளிக்கூடத்தில விவசாயமும் பயோவும் படிப்பிக்கிறன். கொஞ்சம் நீளமா வரும், பொறுத்துக்கொள்ளும்.

முதல்ல உம்மட யோகட் கப். வைக்கலை உக்கவைக்கிறது மண்ணில இருக்கிற நுண்ணுயிர். வைக்கலில காபன் கனக்க, நைதரசன் கொஞ்சம். அந்த நுண்ணுயிர் தன்ர உடம்பைக் கட்ட நைதரசன் வேணும், வைக்கலில அது காணாது, அப்ப மண்ணில இருக்கிறதை எடுத்திடும். பயிர் பாத்துக்கொண்டு நிக்கும், மஞ்சளாகும். வைக்கல் உக்கி முடிய, நுண்ணுயிர் செத்து, எடுத்ததைத் திருப்பி விடும். அப்ப பச்சை பிடிக்கும். நீர் கப்பை எறியாமல் இன்னும் கொஞ்சநாள் வச்சிருந்தால் அதையும் கண்டிருப்பீர். மாட்டெரு ஏற்கெனவே உக்கினது, அதால அதில இந்தப் பிரச்சினை இல்லை. மாமாவின்ர வயலுக்கு வந்தது அரைகுறையா உக்கின பசளையெண்டால் அங்கயும் இதுதான் நடந்திருக்கும். சரியா உக்கினதெண்டாலும், யூரியா ஒரு கிழமையில குடுக்கிற நைதரசனை அது மாசக்கணக்கிலதான் குடுக்கும். மூண்டரை மாச நெல்லு அதுவரைக்கும் பொறுக்காது.

இதை வாசிக்கேக்க உமக்கு நெஞ்சு கொஞ்சம் அடிச்சுதோ? அடிச்சிருந்தால் உமக்கு இந்தப் படிப்பு ஒத்துவரும். என்னோட படிச்ச கனபேருக்கு அடிக்கேல்லை. மெடிசின் தவறி, வேற கிடைக்காமல் வந்தவை. நாலு வருஷமும் வெய்யிலைத் திட்டிக்கொண்டு படிச்சுப்போட்டுப் போச்சினம்.

ஆனா ஒண்டு சொல்லவேணும். ஊரில விவசாய டிகிரி எண்டால் நாலு வருஷமும் வயலுக்குள்ள நிக்கிறது எண்டு நினைக்கினம். இரசாயனம், புள்ளிவிபரவியல், பொருளியல், கால்நடை, பொறியியல் எல்லாம் வரும், எல்லாம் இங்கிலீசில. நிலம் அளந்து தண்ணிக் கணக்குப் போட விருப்பமில்லாத ஆளுக்கு விவசாயப் பொறியியல் பாடம் நரகம். எனக்கு நரகமாத்தான் இருந்தது. கடைசி வருஷம் ஒரு ஆய்வு செய்யவேணும், அதில மட்டும்தான் நீர் கப்பில செய்ததைப் பெரிசா, ஒழுங்கா, ஒவ்வொண்டையும் திரும்பத் திரும்ப வச்சுச் செய்யலாம். அந்த வருஷம் ஒண்டுதான் நான் நித்திரை கொள்ளாமலும் சந்தோசமா இருந்த வருஷம். வகுப்பில பாதிக்கு மேல சிங்களப் பிள்ளையள். அவையோட வரம்பில நிண்டு பழகினதில என்ர சிங்களமும் திருந்தினது, அது எனக்குப் பிறகு கனக்க உதவினது.

இனி வேலை. இதில ஒளிக்கிறதுக்கு ஒண்டுமில்லை. படிச்சு முடிச்சு நான் வீட்டில இருந்தனான். நடுவில ஒரு விதைக் கொம்பனியில விற்பனைக்குப் போனன். மரக்கறி விதைப் பக்கற்றைக் கொண்டு கடை கடையா ஏறி இறங்கிற வேலை. மாச இலக்கு எட்டாட்டில் சம்பளத்தில கை வைப்பினம். 2020இல அரசாங்கம் பட்டதாரிகளை 20,000 ரூபா கொடுப்பனவோட பயிலுநரா எடுக்கேக்க போய்ச் சேந்தன். கந்தோரில கோவைக்கு நூல் கட்டினன். மண்ணைப் பற்றி அங்க ஒருத்தரும் என்னட்டக் கேக்கேல்லை. அதுக்குப் பிறகுதான் படிப்பிக்க வந்தது. என்ர வகுப்புக்காரரில வங்கியில விவசாயக் கடன் பாக்கிற ஆள் இருக்கு, திணைக்களத்தில இருக்கு, வெளிநாட்டில மேற்படிப்பு எடுத்து அங்கயே ஆய்வுகூடத்தில நிக்கிற ஆளும் இருக்கு. கடைசியாச் சொன்ன ஆள்தான் உம்மை மாதிரி, சும்மா இருக்கேக்கயும் ஏன் எண்டு கேட்டுக்கொண்டு திரிஞ்சது. அவளுக்கு முதல் ஒழுங்கான சம்பளம் வர எங்களை விடப் பிந்தினது.

அதால நான் உம்மட்டக் கேக்கிறது விருப்பமோ காசோ எண்டில்லை. எவ்வளவு காசு, எந்த வருஷம்? அம்மாவின்ர குழுக்கடன் எப்ப முடியுது? தம்பி ஏ.எல் ரியூசனுக்குப் போகேக்க மாசம் எவ்வளவு வேணும்? கொப்பியை எடுத்து வருஷம் வருஷமா எழுதும். கம்பஸில படிக்கேக்க மகாபொல (அரசாங்கப் புலமைப்பரிசில்) கிடைக்கலாம், 2025 வரவுசெலவுத் திட்டத்தில அதை மாசம் 5,000இல இருந்து 7,500க்குக் கூட்டினது. அது சாப்பாட்டுக்கும் போட்டோக்கொப்பிக்கும் சரியாப் போயிடும், வீட்டுக்கு அனுப்பலாம் எண்டு நினைக்காதையும். கடன் நீர் படிக்கேக்கயே முடியுமெண்டால், பிறகு ரெண்டு வருஷம் வேலை பிந்தினாலும் வீடு தாங்கும். முடியாதெண்டால், நீர் சம்பளம் கொண்டுவாற நாள்தான் உங்கட வீட்டில பெரிய விசயம், அந்தக் கணக்கில நேர்சிங் வெல்லும். அதை நான் மறைக்க மாட்டன்.

பெரியம்மாவிட்டயும் நேரா கேளும்: "மிச்சம்" எண்டது எவ்வளவு, எப்ப, ஆருக்கு. தூரத்தில இருந்து சொல்லுற அன்பை நம்பலாம். அதை வச்சு நாலு வருஷத் திட்டம் போடேலாது.

கடைசியா விண்ணப்பம். விருப்ப ஒழுங்கை உண்மையான விருப்பப்படியே போடும். முதலாவதுக்குப் புள்ளி காணாட்டில் ரெண்டாவதைப் பாப்பினம், ரெண்டாவதுக்கு உம்மை விடக் குறைஞ்ச புள்ளிக்காரர் முந்த மாட்டினம். "மேல பெரிசைப் போட்டால் கீழ உள்ளதும் போயிடும்" எண்டு ரியூசன் வாசலில கதைக்கிறது சரியில்லை. ஆனா உமக்கு ரெண்டுக்கும் புள்ளி காணுமெண்டால் முதலாவதா எழுதினதுதான் வரும். பதிஞ்ச பிறகு, வேண்டாம், மற்றது தாங்கோ எண்டு திரும்ப விண்ணப்பிக்கிறது லேசில நடக்காது.

வவுனியா வாத்தி:

மேல எழுதின பிள்ளை ஒழுங்கு விசயத்தைச் சரியாச் சொல்லியிருக்கு. நான் ரெண்டு விசயம் சேக்கிறன்.

அனுமதி 40 வீதம் முழு இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் கல்வியில பின்தங்கின மாவட்டங்களுக்கு. முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், வவுனியா நாலும் அந்தப் பின்தங்கின 16இல வருது. மாவட்டம் எண்டு பாக்கிறது வீட்டு விலாசத்தை இல்லை, ஏ.எல்லுக்கு முந்தின மூண்டு வருஷம் எந்த மாவட்டப் பள்ளிக்கூடத்தில படிச்சது எண்டதை. இடையில யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாறினீரோ? மாறியிருந்தால் முல்லைத்தீவு வெட்டுப்புள்ளியைப் பாத்துக் கணக்குப் போடாதையும். முதல்ல அதிபரிட்டக் கேளும்.

மற்றது, வயல் வேலையோட அரசாங்கச் சம்பளமும் வேணுமெண்டால் கம்பஸ் ஒண்டுதான் வழியெண்டில்லை. வவுனியாவில இலங்கை விவசாயக் கல்லூரி இருக்கு, டிப்ளோமா. விவசாயப் போதனாசிரியர் வேலைக்கு அப்பிடியான கல்லூரியளில படிச்சவையை எடுக்கிறது. குளத்துக்கட்டு அண்ணை சொன்ன, மோட்டச்சைக்கிளில வாற ஆள் பெரும்பாலும் அவர்தான். செருப்புக் கழட்டிறது அவரவர் குணம்.

வெள்ளை யூனிபோம் பிள்ளையோட எனக்கு ஒரு மறுப்பு இருக்கு. வேலை கைக்கு வந்த பிறகு மனசுக்கு வரும் எண்டது உங்களுக்கு நடந்தது. என்னட்டப் படிச்சுப் போய், ஒரு வருஷத்தோட விட்டிட்டு வந்த பிள்ளையளும் இருக்கினம். பதிஞ்சுபோட்டு விட்ட இடத்துக்குத் திரும்பிப் போறதும் லேசில்லை, வேற எடுக்கிறதும் லேசில்லை. அந்தப் பிள்ளையள் ஒரு இணையத்திலயும் வந்து எழுத மாட்டினம், அதால எங்களுக்குக் கேக்கிறதெல்லாம் வெண்ட கதைதான்.

வெள்ளை யூனிபோம் (வவுனியா, இப்ப இங்கிலாந்து):

சேர், அது நியாயம். என்னோட வந்து முதல் வருஷத்தில போன ஒருத்தியை நானே மறந்திட்டன்.

முள்ளியவளைப் பிள்ளை:

எல்லாருக்கும் நன்றி. வாத்தி சேர், நான் கடைசி மட்டும் இங்கதான் படிச்சனான், யாழ்ப்பாணத்துக்குப் போகேல்லை.

அக்கா, வைக்கல் கதையை வாசிச்சுப்போட்டு மாமாவுக்குப் போன் எடுத்தனான். "அப்ப அந்தப் பசளையை ரெண்டு மாசம் குவிச்சு வச்சிருந்தால் சரிவந்திருக்குமோ?" எண்டு கேட்டார். ஓரளவுக்குச் சரிவந்திருக்கும் எண்டன். சரிதானே?

நேற்று கொப்பியில எழுதினம், அம்மாவும் நானும். குழுக்கடன் நான் ரெண்டாம் வருஷம் படிக்கேக்க முடியுது. தம்பியின்ர செலவுதான் நிக்குது. பெரியம்மாவிட்டயும் கேட்டன். ஐ.ஈ.எல்.ரி.எஸ் காசு கட்டுறன் எண்டா. மற்றதுக்குப் பெரியப்பாவோட கதைக்கவேணும் எண்டா, பிறகு தங்கட வீட்டுக் கடனைப் பற்றிக் கனநேரம் கதைச்சா. பாவம், அவவுக்கும் கஷ்டம்போல. அம்மா ஸ்பீக்கரில கேட்டுக்கொண்டிருந்தவ.

அதுக்குப் பிறகுதான் அம்மா வேற ஒண்டு சொன்னா. அவவுக்குச் சம்பளம் ரெண்டாவது கவலை. விவசாயம் படிச்சால் நான் சுத்தி வந்து வயலிலதான் நிப்பன், தான் வெய்யிலில நிண்டது காணாதோ எண்டதுதான் அவவின்ர நினைப்பு. நான் மைக்கிரஸ்கோப்பு, ஆய்வுகூடம் எண்டு சொன்னதை அவ நம்பேல்லை. "அப்பிடி ஒண்டு கிளிநொச்சியில இருக்கெண்டால் எனக்குக் காட்டு" எண்டா.

விண்ணப்பத்துக்கெண்டு கொப்பியில பென்சிலால விவசாயம், பிறகு நேர்சிங் எண்டு எழுதி வச்சிருக்கிறன். அம்மா அழிக்கேல்லை, ஓம் எண்டும் சொல்லேல்லை. அக்கா, வெளியாக்கள் பீடத்துக்குள்ள போய்ப் பாக்க விடுவினமோ? ஆரிட்டக் கேக்கவேணும்? மாமா கூட்டிக்கொண்டு வாறன் எண்டவர்.

அறிவியல்நகர் பழைய ஆள்:

மாமாவுக்குச் சொன்னது சரி. குவிச்சு ஈரமா வச்சு, இடைக்கிடை புரட்டியும் விட்டிருக்கவேணும் எண்டு சேத்துச் சொல்லும்.

சும்மா போய் வாசலில நிண்டால் விட மாட்டினம். பீடாதிபதி கந்தோருக்கு முதல்ல போன் எடுத்து, விண்ணப்பிக்கப்போற மாணவி, அம்மாவோட ஆய்வுகூடம் பாக்க வாறம் எண்டு கேளும். கிழமை நாளில, காலமை வாரும். சோதினை நடக்கிற காலமோ எண்டும் கேட்டுக்கொள்ளும், அந்த நேரம் ஒருத்தரும் உங்களோட மினக்கெட மாட்டினம். மூண்டு பேரும் அடையாள அட்டை கொண்டு வாங்கோ. விவசாய இரசாயனப் பக்கம் போனால் மண் பரிசோதிக்கிற இடத்தைக் காட்டச் சொல்லிக் கேளும். மாமாவின்ர வயல் மண் கொஞ்சம் ஒரு பையில கொண்டு வந்தாலும் வரலாம்.